பாங்காக்கில் முதலில் படகு, அப்புறம் ரயில், கடைசியில்தான் வண்டி

பாங்காக் போகிறோம் என்று சொன்னவுடன் நம் ஊர்ப் பயண முகவர்கள் ஒரு தாளை எடுத்து நீட்டிவிடுவார்கள். விமான நிலையத்தில் வேன், பட்டாயா, பவளத் தீவு, சஃபாரி வேர்ல்ட், நடுவில் ஒரு ரத்தினக்கல் கடை, கடைசியில் பாங்காக்கில் அரை நாள் 'சிட்டி டூர்'. அந்த அரை நாளிலும் பாதி நேரம் வேன் சிக்னலில் நிற்கும். திரும்பி வந்தவர்களிடம் ஊர் எப்படி என்று கேட்டால், "ஒரே டிராஃபிக்குங்க" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். ஆசியாவில் நான் பார்த்த நகரங்களில், கையில் கொஞ்சம் சில்லறையோடு தன்னந்தனியாகச் சுற்றுவதற்கு இவ்வளவு வசதியான ஊர் அதிகம் இல்லை. அந்த ஊரை வேன் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்துவிட்டு வருவது பெரிய இழப்பு.

வேலை விஷயமாகத் தனியாகப் போயிருக்கிறேன். போன முறை அம்மாவோடு. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு, சைவச் சாப்பாடு. "இந்த வயசுல அம்மாவ பஸ்லயும் போட்லயும் இழுத்துட்டு அலையப் போறியா?" என்று சித்தி கேட்டார். அலையவில்லை. நிதானமாகச் சுற்றினோம். அதை எப்படிச் செய்யலாம் என்று எழுதத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாங்காக்கில் எதை எப்போது கட்டினார்களோ, அதே வரிசையில் வண்டி மாறி மாறிப் போனால் ஊர் தானாகவே பிடிபடும். 1782இல் சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரையில் தலைநகரம் அமைந்தது. அன்றைக்கு ஆறும் கால்வாய்களும்தான் தெரு. வீடு, சந்தை, கோயில் எல்லாம் தண்ணீரைப் பார்த்தே இருந்தன. 1860களில்தான் சாரோன் குருங் சாலை வந்தது. வண்டி ஓட்டவும் குதிரை ஏறிப் போகவும் வழி இல்லை என்று ஐரோப்பியத் தூதர்கள் மன்னர் நான்காம் ராமரிடம் முறையிட்டதன் பலன் அது. 1888இல் குதிரை இழுக்கும் டிராம், சில ஆண்டுகளில் மின்சார டிராம். பிறகு கார்கள் வந்தன, கால்வாய்கள் பலவற்றைத் தூர்த்துச் சாலை போட்டார்கள், 1968இல் டிராமையும் நிறுத்தினார்கள். 1999 டிசம்பர் 5ஆம் தேதி, மன்னர் பூமிபோலின் பிறந்தநாளில், பிடிஎஸ் வான்ரயில் ஓடத் தொடங்கியது. நடுவில் முப்பத்தோரு ஆண்டுகள் நகருக்குள் போய்வர டிராமும் இல்லை, மெட்ரோவும் இல்லை. உலகமே பேசிய பாங்காக் நெரிசல் அந்தக் காலத்தில் முற்றியதுதான்.

ஆகவே பழைய நகரத்துக்குப் படகு, புதிய நகரத்துக்கு ரயில், இரண்டும் எட்டாத சந்துக்கு மட்டும் வண்டி. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

விமான நிலையத்திலிருந்தே தொடங்கலாம். சுவர்ணபூமி நிலையத்தின் அடித்தளத்திலிருந்து நகருக்குள் ரயில் போகிறது. கடைசி நிறுத்தம் பாயா தாய். அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், கட்டணம் 45 பாட். ஒரு பாட் என்பது இரண்டரை ரூபாய்க்குச் சற்று மேல். பாயா தாயில் வான்ரயிலுக்கு மாறலாம், அதற்கு முன்னால் மக்காசானில் இறங்கினால் சுரங்க மெட்ரோவின் பெட்சபுரி நிலையம் பக்கத்தில். நம் பக்கத்திலிருந்து போகும் விமானங்கள் பல விடியற்காலையில்தான் இறங்கும். ரயில் காலை ஐந்தரை, ஆறு மணி வாக்கில் தொடங்குகிறது. குடியேற்ற வரிசையில் நின்று பெட்டி எடுத்து வெளியே வருவதற்குள் முதல் ரயில் தயாராக இருக்கும். பெரிய பெட்டிகள் இரண்டு மூன்று இருந்தால் மட்டும் டாக்சி எடுங்கள், அதில் தப்பில்லை. பழைய விமான நிலையமான தொன் முவாங்கில் இறங்குகிறவர்களுக்கு சிவப்புத் தட ரயில் இருக்கிறது. ஏ1 என்று எழுதிய பேருந்தும் மோ சிட் வான்ரயில் நிலையத்துக்குப் போகும்.

சரி, ஆற்றுக்கு வருவோம். எனக்குப் பேச ஆசை இதைப் பற்றித்தான்.

வான்ரயிலில் சபான் தாக்சின் நிலையத்தில் இறங்கினால் படியடியிலேயே சாத்தோன் படகுத்துறை. பாங்காக்கில் ரயிலும் ஆறும் கைகோக்கும் இடம் இது. முதலில் இந்த நிலையத்தைத் தற்காலிகமாகத்தான் கட்டினார்களாம். ஆற்றுக்கு மாறுகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு எடுக்க முடியாமல் போனது. ஆற்றுப் படகுகள் எல்லாவற்றுக்கும் இந்தத் துறைதான் நடுப்புள்ளி. இங்கிருந்து வடக்கே போகப் போக துறைகளுக்கு என் 1, என் 2 என்று ஆங்கில எழுத்தோடு எண் போட்டிருப்பார்கள். சீனப்பேட்டைக்கு என் 5, வாட் போ கோயிலுக்கு என் 8, அரண்மனைக்கு என் 9, முதுகுப்பை இளைஞர்கள் தங்கும் காவ்சான் பகுதிக்கு என் 13. எண்ணைத் தெரிந்துகொண்டால் தாய் மொழி ஒரு எழுத்துத் தெரியாவிட்டாலும் தடுமாற வேண்டியதில்லை.

துறைக்குள் நுழைந்ததும் சுற்றுலாப் படகுக்கான சீட்டைத்தான் முதலில் விற்பார்கள். நாள் முழுக்க ஏறி இறங்கலாம், ஆங்கிலத்தில் அறிவிப்பு உண்டு, விலையும் அதிகம். ஒரே நாளில் ஐந்தாறு இடம் பார்க்க நினைப்பவர்களுக்கு அது சரி. மற்றவர்கள் நேராகத் தண்ணீர் ஓரம் போய், பின்னால் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகுக்கு நில்லுங்கள். ஊர் மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போகிற படகு அது. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், இருபது பாட்டுக்கும் குறைவு. மஞ்சள், பச்சைக் கொடிப் படகுகள் வேலை நாட்களில் காலை மாலை நெரிசல் நேரத்துக்கு மட்டும். அவை எல்லாத் துறையிலும் நிற்காது, அதனால் ஆரஞ்சைத் தவிர வேறு கொடியில் ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

படகின் பின்பக்கம் ஓர் ஆள் வாயில் விசிலோடு நிற்பார். நீளமான படகு, முன்னால் இருக்கும் ஓட்டுநருக்குப் பின்பக்கம் தெரியாது. துறை நெருங்க நெருங்க இவர் ஊதுகிற ஒவ்வோர் ஊதலுக்கும் ஒரு பொருள் உண்டு. மெதுவா, இன்னும் பின்னால், நிறுத்து, போகலாம். கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றுவார், கூட்டம் இறங்கும், ஏறும், கயிறு கழன்றுவிடும். எல்லாம் அரை நிமிடத்துக்குள். "நம்ம டவுன் பஸ் கண்டக்டரத் தூக்கித் தண்ணில விட்ட மாதிரி இருக்கே!" என்று அம்மா வியந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அரை நிமிடத்தில் வயதானவர்களை எப்படி ஏற்றுவது என்பதுதான் என் கவலையாக இருந்தது. விசில்காரர் அம்மாவின் நரைத்த தலைமுடியைப் பார்த்ததும் கையை நீட்டினார், இன்னொரு கையால் கயிற்றைப் பிடித்தபடியே. அம்மா உள்ளே கால் வைத்த பிறகுதான் ஊதினார். ஒவ்வொரு துறையிலும் இதைப் பார்த்தேன். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் காத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கடலின் ஏற்ற இறக்கம் இந்த ஆற்றில் பாங்காக் வரைக்கும் உண்டு. துறை என்பது மிதக்கும் மேடை, தண்ணீரோடு ஏறும், இறங்கும். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் கரையிலிருந்து மேடைக்கு இறங்கும் சாய்வுப் பாலம் செங்குத்தாகிவிடும். முழங்கால் வலிக்காரர்கள் கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்க வேண்டும். படகின் பின்பகுதியில் பிக்குகளுக்கென ஒதுக்கிய இடம் உண்டு, அங்கே நாம் நிற்கக்கூடாது. பெண்கள் பிக்குகள் மேல் படாமல் நகர்ந்துகொள்ள வேண்டும். ரயிலிலும் பேருந்திலும் இதே மரியாதைதான்.

சாத்தோனிலிருந்து வாட் போ இருக்கும் தா தியேன் துறைக்குப் போகும் வழியே ஒரு காட்சி. பழைய வணிகக் கிடங்குகள், சீனக் கோயில் கூரைகள், ஒரு கத்தோலிக்கத் தேவாலயம், 1932இல் திறந்த நினைவுப் பாலம். பாலம் தாண்டினதும் வலது கரையில் பூச்சந்தை. மல்லிகை, செவ்வந்தி, தாமரை மொட்டு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பூ கட்டுகிற பெண்கள் ஊசியில் மல்லிகை மொட்டைக் கோக்கிற வேகத்தைப் பார்க்க அம்மா ஒரு காலையை முழுசாக அங்கேயே செலவிட்டார். வேன் வைத்திருந்தால் "சீக்கிரம் வாங்க, பார்க்கிங் இல்லை" என்று ஓட்டுநர் கூப்பிட்டிருப்பார்.

தா தியேனில் இறங்கினால் ஒரு பக்கம் வாட் போவின் சயன புத்தர். எதிர்க்கரையில் வாட் அருண் கோயில். அக்கரைக்குக் கடக்க தனிப் படகு இருக்கிறது, ஐந்து பாட் அளவில்தான் கட்டணம். வாட் அருணின் கோபுரத்தை முதன்முதலில் தண்ணீரிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பீங்கான் துண்டுகள் பதித்த அந்தக் கோபுரம் ஆற்றைப் பார்த்து நிற்கிறது. சாலை வழியாகப் போனால் பின்பக்கமாக வந்து சேர்வீர்கள்.

அரண்மனைக்கும் படகில் போவதற்கு இன்னொரு காரணம் சொல்கிறேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நல்ல உடை உடுத்திய ஒருவர் வந்து, "இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, இந்த டுக்டுக்கில் வேறு கோயில்கள் காட்டுகிறேன்" என்பார். முடிவில் கொண்டுபோய் நிறுத்துவது ரத்தினக்கல் கடையில். பல பத்தாண்டுகளாக நடக்கிற ஏமாற்று இது. யார் என்ன சொன்னாலும் வாயில் வரை நடந்துபோய் உங்கள் கண்ணால் பாருங்கள். துறையிலிருந்து சில நிமிட நடைதான். புடவை, வேட்டி, முழுக்கால் சட்டை எல்லாம் சரி. கையில்லாச் சட்டையும் அரைக்கால் சட்டையும் கூடாது. ஆற்றுப் படகை மாலை ஆறு மணிக்கு மேல் நம்பி இருக்காதீர்கள்.

ஆற்றுப் படகு சாந்தம் என்றால், கால்வாய்ப் படகு நேர் எதிர். சேன் சேப் கால்வாயை 1837 வாக்கில் மூன்றாம் ராமர் காலத்தில் வெட்டத் தொடங்கினார்கள். கம்போடியா பக்கம் வியட்நாமியரோடு நடந்த போருக்கு ஆளும் அரிசியும் அனுப்புவதற்காக. இன்றைக்கு அதே கால்வாயில் அலுவலகம் போகிற கூட்டம் போகிறது. சாலைகள் அடைத்துக்கொண்ட பிறகு 1990இல் இந்தப் படகுச் சேவையைத் தொடங்கினார்கள். பழைய நகரின் பொன்மலைக் கோயில் பக்கத்திலிருந்து கிழக்கே பல கிலோமீட்டர் நீளும் தடம், நடுவில் பிரதுநாம் துறையில் எல்லாரும் இறங்கி அடுத்த படகுக்கு மாற வேண்டும். நடத்துநர்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, படகின் வெளி விளிம்பில் நடந்தபடியே காசு வாங்குவார்கள். பாலங்கள் அவ்வளவு தாழ்வு, சில இடங்களில் படகின் கூரையையே இறக்கித்தான் அடியில் நுழைகிறார்கள். எதிர்ப் படகு வரும்போது தண்ணீர் தெறிக்கும், ஓரத்தில் உட்கார்ந்தவர் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்த வேண்டும். அது பயணிகள் கடமை. அந்தத் தண்ணீர் கறுப்பு, வாடையும் உண்டு, மறைக்க மாட்டேன்.

இருந்தும் சொல்கிறேன், திடமான கால் உள்ளவர்கள் ஒரு முறையாவது போக வேண்டும். சியாம் வான்ரயில் நிலையப் பக்கம் ஹுவா சாங் துறையில் ஏறி பிரதுநாமில் இறங்கினாலே போதும். பெரிய கடைத்தொகுதிகளின் முதுகுப்புறம், மர வீட்டுத் திண்ணை, தொட்டியில் வளர்த்த துளசி, தண்ணீரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குடும்பம். நகரம் தன் வீட்டு உடையில் இருப்பது இங்கேதான். அம்மாவை நான் இதில் ஏற்றவில்லை. படகு நிற்பது சில நொடி, விளிம்பைத் தாண்டிக் கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டும். அறுபதைத் தாண்டியவர்களுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏறினால் தானே புரிந்துவிடும். மேலே ஓடுவது பிடிஎஸ் வான்ரயில், கீழே ஓடுவது எம்ஆர்டி மெட்ரோ, 2004இல் வந்தது. இரண்டும் வேறு வேறு அமைப்புகள், சீட்டும் தனித்தனி. ஒரே சந்திப்பில் இருந்தாலும் நிலையத்தின் பெயர்கூட வேறு. மேலே ஆசோக் என்றால் கீழே சுகும்வித். மேலே சாலா டேங் என்றால் கீழே சிலோம். மேலே மோ சிட், கீழே சாத்துசாக் பூங்கா. வரைபடத்தில் தேடுகிறவர்கள் இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வான்ரயிலில் அடிக்கடி போவதென்றால் பாஸ்போர்ட்டைக் காட்டி ராபிட் அட்டை வாங்கிக்கொள்ளலாம். மெட்ரோவில் அதுவும் வேண்டாம், வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்துவைத்த விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையைக் கதவில் தொட்டாலே போதும். சீட்டு இயந்திரங்களில் சில நாணயம் மட்டுமே வாங்கும். சாளரத்தில் நோட்டைக் கொடுத்தால் சில்லறை தருவார்கள்.

மெட்ரோ நிலையங்களில் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். சுரங்கத்துக்குள் இறங்க வேண்டிய இடத்தில் முதலில் சில படி மேலே ஏறச் சொல்வார்கள். ஏறித்தான் இறங்க வேண்டும். மழை வெள்ளம் நிலையத்துக்குள் புகாமல் இருக்க வாசலையே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். கடல் மட்டத்துக்குச் சற்றே உயரத்தில், களிமண் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. அந்த மண்ணில் சுரங்கம் தோண்டி, 2019இல் சாவ் பிரயா ஆற்றுக்கு அடியிலேயே ரயிலை விட்டார்கள். ஆற்றுக்குச் சற்று முன்னால் இருக்கும் சனாம் சாய் நிலையத்தை அரண்மனைத் தர்பார் மண்டபம் மாதிரி தூணும் விதானமும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வேலை எதுவும் இல்லாவிட்டாலும் இறங்கிப் பார்க்கலாம். வாட் போவுக்கும் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். வெயில் தாங்காதவர்கள் போகும்போது படகு, வரும்போது மெட்ரோ என்று வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

வான்ரயிலில் குளிர் அதிகம். அம்மா சால்வை கொண்டுவந்திருந்தார், அது மிகவும் உதவியது. காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நிலையத்தில் தேசிய கீதம் ஒலிக்கும். நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் இருந்த இடத்தில் நிற்பார்கள். நாமும் நிற்க வேண்டும். மின் தூக்கி பல நிலையங்களில் இருக்கிறது, ஆனால் சாலையின் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதும் உண்டு. பெரியவர்களோடு போனால் எந்த எண் வாசலில் தூக்கி என்று நிலைய வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ரயிலில் போய்ப் பார்க்க வேண்டிய இரண்டு இடங்களைத் தமிழர்களுக்காகவே சொல்கிறேன், வேன்காரர்கள் அவற்றைத் தாளில் போடுவதில்லை.

ஒன்று, சிலோம் சாலையில் மாரியம்மன் கோயில். சுராசாக் நிலையத்தில் இறங்கி பான் சாலை வழியாகப் பத்து நிமிடம் நடந்தால் மூலையில் கோபுரம் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. வழி கேட்கும்போது 'வாட் கேக்' என்று கேளுங்கள், எல்லாருக்கும் தெரியும். அங்கே கும்பிடுகிறவர்களில் மிகப் பலர் தாய்லாந்து மக்கள்தான். செவ்வந்தி மாலையும் தேங்காயும் தட்டில் வைத்துக்கொண்டு நம்மைவிடப் பக்தியாக வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. நவராத்திரி முடிவில் சிலோம் சாலையையே மூடி அம்மன் ஊர்வலம் போகும், அந்த நாட்களில் போகிறவர்களுக்கு அது பெரிய பேறு. அம்மா அங்கே கண் கலங்கி நின்றார், நான் பேசவில்லை.

இன்னொன்று, பெரிய ஊஞ்சல். மெட்ரோவில் சாம் யோட் நிலையத்தில் இறங்கி, ஆளுயரப் புத்தர் சிலைகள் விற்கும் கடைத்தெரு பக்கமாக நடக்க வேண்டும். நடுச்சாலையில் இருபது மீட்டருக்கும் மேல் உயரமான இரண்டு சிவப்புத் தேக்குத் தூண்கள். 1784இல் முதலாம் ராமர் காலத்தில் அமைந்தது, ஊஞ்சல் ஆடும் சடங்கு 1935க்குப் பிறகு இல்லை. பக்கத்திலேயே அரசவைப் பிராமணர்களின் தேவஸ்தானம் இருக்கிறது, சிவனுக்கும் பிள்ளையாருக்கும் திருமாலுக்கும் தனித்தனிச் சந்நிதி. நம் மார்கழித் திருவெம்பாவை, திருப்பாவையின் தொடர்ச்சிதான் அவர்களுடைய 'திரியம்பவாய் திரிபவாய்' விழா. மார்கழியில் அவற்றைப் பாடும் அம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவர் அந்தத் தூணைத் தொட்டுக் கும்பிடப் போய்விட்டார். சுற்றிலும் வண்டிகள், நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

பேருந்து. எனக்கு மிகவும் பிடித்தது குளிர்சாதனம் இல்லாத பழைய சிவப்புப் பேருந்து. கட்டணம் 8 பாட். மரப்பலகைத் தரை, திறந்த ஜன்னல், மேலே சுழலும் மின்விசிறி. நடத்துநர்கள் பெரும்பாலும் பெண்கள். கையில் நீளமான தகரக் குழாய் ஒன்று வைத்திருப்பார்கள். அதன் மூடியைத் திறந்து மூடி 'டக் டக்' என்று தட்டிக்கொண்டே வருவார்கள். சீட்டுச் சுருளும் காசும் அதற்குள்தான், சீட்டைக் கிழிப்பதும் அதன் விளிம்பில்தான். இந்தப் பேருந்துகள் குறைந்துகொண்டே வருகின்றன, மின்சாரப் பேருந்துகள் அந்த இடத்துக்கு வருகின்றன. தட எண்களும் மாறிவருகின்றன. அதனால் பழைய பயணக் கட்டுரைகளில் இருக்கும் எண்ணை நம்பாமல், கைபேசியில் வயாபஸ் செயலியைப் பார்த்து ஏறுங்கள். போகும் இடத்தின் பெயரைத் தாய் எழுத்தில் திரையில் வைத்து நடத்துநரிடம் காட்டினால், நிறுத்தம் வந்ததும் அவரே வந்து தோளைத் தட்டிச் சொல்வார். அவசரம் இருந்தால் பேருந்து வேண்டாம். நெரிசலில் அதுவும்தானே நிற்க வேண்டும்.

அந்த நெரிசலுக்குக் காரணம் தெரிந்தால் கோபம் குறையும். வயலும் கால்வாயுமாக இருந்த நிலத்தைத் துண்டு துண்டாக விற்று வீடு கட்டினார்கள். பெரிய சாலையிலிருந்து உள்ளே போகும் சந்துகள் நீளமாகப் போய் முட்டுச் சந்தாக முடிந்துவிடுகின்றன. ஒரு சந்திலிருந்து பக்கத்துச் சந்துக்குப் போக மறுபடி பெரிய சாலைக்கே வர வேண்டும். அத்தனை வண்டியும் ஒரே சாலையில் வந்து விழுகிறது. ஒவ்வொரு சந்தின் வாயிலிலும் ஆரஞ்சு மேலங்கி போட்ட மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் உட்கார்ந்திருப்பது இதனால்தான். ரயில் நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரை அவர்கள்தான் கொண்டுவிடுகிறார்கள். சந்துகளின் எண்ணில் ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம். ஆனால் 20க்கு நேர் எதிரே 21 இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், நெடுந்தூரம் தள்ளியும் இருக்கலாம். விடுதி எடுக்கும்போது சந்துக்குள் எவ்வளவு உள்ளே என்று பாருங்கள். நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் எளிய அறை, இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நீச்சல்குளத்து விடுதியைவிட எவ்வளவோ மேல்.

கொஞ்சம் நேரம் உள்ளவர்கள் மகாசாய் ரயிலையும் விட்டுவிடாதீர்கள். தண்டவாளத்தின் மேலேயே கடை விரித்து, ரயில் வரும்போது குடையை மடக்குவார்களே, அந்த மேக்லோங் சந்தைக்கு எல்லாரும் வேனில்தான் போகிறார்கள். ரயிலிலேயே போகலாம். ஆற்றுக்கு மேற்கே வோங்வியன் யாய் ரயில் நிலையத்தில் 10 பாட்டுக்குச் சீட்டு. அதே பெயரில் வான்ரயில் நிலையமும் உண்டு, இரண்டும் ஒன்றல்ல, நடுவில் பத்துப் பதினைந்து நிமிட நடை. இந்தத் தடம் நாட்டின் மற்ற ரயில் பாதை எதோடும் சேராமல் தனியாக இருக்கிறது. வீடுகளின் புழக்கடையை உரசிக்கொண்டு, தென்னந்தோப்பும் வாய்க்காலுமாக ஒரு மணி நேரம். மகாசாய் மீன் சந்தைக்குள்ளேயே ரயில் போய் நிற்கும். அங்கே தா சின் ஆற்றைப் படகில் கடந்து, அக்கரையில் பான் லேம் நிலையத்தில் இன்னொரு ரயில் ஏறினால் மேக்லோங். அந்த இரண்டாவது ரயில் நாளுக்குச் சில முறைதான். முந்தின நாளே நேரம் பார்த்துக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள். சந்தையில் நின்று ரயிலைப் படம் எடுக்கிற கூட்டத்துக்கு நடுவே, அந்த ரயிலுக்குள் இருந்து சந்தையைப் பார்த்துக்கொண்டு வருகிறவர் நீங்களாக இருப்பீர்கள்.

வேனுக்கு எதிரி இல்லை நான். நடக்கவே முடியாதவர்கள், பத்துப் பேர் கொண்ட குடும்பம், அயுத்தியா மாதிரி வெளியூர் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்கள் எடுக்கலாம். டாக்சியும் மலிவுதான், மீட்டர் போடுகிறாரா என்று உட்காரும் முன் கேட்க வேண்டும், இல்லையென்றால் கைபேசிச் செயலியில் கூப்பிட வேண்டும். அம்மாவோடு இரவில் விடுதிக்குத் திரும்ப நானும் டாக்சிதான் எடுத்தேன். ஆனால் பகலில், அதுவும் பழைய நகரத்துக்கு, எடுக்கவே எடுக்காதீர்கள்.

பாங்காக்குக்கு டிக்கெட் போட்டிருக்கிறீர்கள் என்றால் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். முகவரின் தாளில் இருக்கும் அந்த 'சிட்டி டூர்' அரை நாளை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். அந்த நாள் முழுவதையும் உங்களுக்கென்று வைத்துக்கொண்டு, காலை எட்டு மணிக்கு வெயில் ஏறும் முன் அப்பா அம்மாவோடு சாத்தோன் துறைக்குப் போய் ஆரஞ்சுக் கொடிக்கு நில்லுங்கள்.